நான்கு பாட்டு, இரண்டு ஸ்டுடியோ, இரண்டு ட்ரம்மர்: கிருஷ்ணகிரி ராக் குழு ஒன்றின் ஒலிப்பதிவு (நிகழ்வு ஆய்வு)

கிருஷ்ணகிரியைச் சேர்ந்த நால்வர் குழு. இரண்டு கிட்டார், ஒரு பேஸ், ஒரு பாடகர். ட்ரம்மர் வேலை கிடைத்து ஊரை விட்டுப் போய்விட்டார். கையில் நான்கு சொந்தப் பாட்டுகள், மொத்தம் 17 நிமிடம். டெமோவில் ட்ரம்ஸ் முழுக்கக் கம்ப்யூட்டரில் போட்டது. அதை எடுத்துவிட்டு, ஆள் உட்கார்ந்து வாசித்த ட்ரம்ஸை வைக்க வேண்டும். அதற்கு ஒரு செஷன் ட்ரம்மரும் (பதிவுக்கு மட்டும் கூலிக்கு வந்து வாசிப்பவர்) ஒரு ஸ்டுடியோவும் தேவை.

முதல் கால்ஷீட் எட்டு மணி நேரம். ஒரு பாட்டுகூடத் தேறவில்லை. இரண்டாவது ஒன்பது மணி நேரம், நான்கும் முடிந்தன. ஆள் மாறினார், ஸ்டுடியோ மாறியது, அதனால் சரியாயிற்று என்பது குழுவின் விளக்கம். அது பாதிதான். மீதிப் பாதி, வீட்டு மேசையில் முடித்திருக்க வேண்டிய வேலையை மணிக்கணக்கில் வாடகை ஓடும் அறைக்குள் செய்தது.

தொகைகளை இங்கே எழுதவில்லை. ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும் எண்ணை எழுதி யாருக்கும் பயனில்லை. நேரக் கணக்குதான் எல்லா ஊருக்கும் பொருந்தும்.

எட்டு மணி நேரம் எங்கே போனது

பெங்களூரில் ரெக்கார்டிங் வசதியும் உள்ள ஒரு ஜாம் ரூம் (குழுக்கள் வாடகைக்கு எடுத்து ஒத்திகை பார்க்கும் அறை). காலை 10 மணிக்குக் கால்ஷீட். கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர்தானே, இரண்டு மணி நேரம் போதும் என்று எட்டு மணிக்குக் கிளம்பினார்கள். அத்திப்பள்ளி தாண்டும் வரை கணக்கு சரியாக இருந்தது. எலெக்ட்ரானிக் சிட்டிக்கு அப்புறம் அலுவலக நேர நெரிசல். போய்ச் சேர்ந்தபோது மணி 11.15. வாடகை 10 மணிக்கே ஓடத் தொடங்கியிருந்தது. 75 நிமிடம் அங்கே.

அடுத்து சிம்பல், அதாவது ட்ரம்ஸோடு வரும் உலோகத் தட்டு. போனில் கேட்டது "ட்ரம்ஸ் இருக்கா?" என்று. பதில் "இருக்கு." இருவருமே பொய் சொல்லவில்லை. ஸ்டுடியோ மொழியில் கிட் என்றால் ஷெல்லும் (ட்ரம்களின் உடல்) ஸ்டாண்டும். ஸ்னேர் (வாசிப்பவர் முன் நிற்கும், கூர்மையான சத்தம் தரும் ட்ரம்), சிம்பல், கிக் பெடல் (கிக் என்ற பெரிய ட்ரம்மைக் காலால் அடிக்கும் மிதி) மூன்றும் வாசிப்பவர் கையோடு கொண்டுவருபவை. உடையக்கூடியவை, ஆளுக்கு ஆள் ருசி மாறுபவை என்பதால் அப்படி ஒரு வழக்கம். அன்று வாசிக்க வந்த ட்ரம்மரிடம் சொந்தமாக இருந்தது ரிதம் பேடு (தட்டினால் ட்ரம்ஸ் சத்தம் தரும் எலெக்ட்ரானிக் பலகை) மட்டும். அங்கே மூலையில் கிடந்த சிம்பல்களில் ஒன்று விளிம்பில் விரிசல் விட்டது. வேறு ஏற்பாடு செய்ய 45 நிமிடம்.

மைக் வைத்து ட்யூன் செய்ய 110 நிமிடம். டாம்களின் (நடுத்தர அளவு ட்ரம்கள்) ஸ்கின், அதாவது அடிபடும் தோல், குழி விழுந்து பழசாகிவிட்டது. குழி விழுந்த ஸ்கின்னை எந்தச் சாவியாலும் சுருதிக்குக் கொண்டுவர முடியாது. சாப்பாடு 40 நிமிடம். கைடு ட்ராக்கை (ட்ரம்மர் கேட்டு ஒட்டி வாசிக்கும் மாதிரிப் பதிவு) க்ளிக்கோடு (ஒவ்வொரு பீட்டுக்கும் காதில் ஒலிக்கும் "டிக்" சத்தம்) பொருத்த 70 நிமிடம், அதுவும் பொருந்தவில்லை. ஆக 340 நிமிடம் கழிந்து, வாசிப்புக்கு மிஞ்சியது 140 நிமிடம். அதில் ஒரே பாட்டுக்கு 11 டேக், அதாவது 11 முறை வாசிப்பு.

அந்தக் கைடு விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் ஊர்க் குழுக்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இது. ப்ராஜெக்ட் ஃபைல் (ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாக இருக்கும் மூலப் பதிவு) கையில் இல்லாததால் முழு டெமோவை ஒரே எம்பி3-ஆகக் கொடுத்தார்கள். அதில் கம்ப்யூட்டர் ட்ரம்ஸும் சேர்ந்திருந்தது. அங்கே அதைப் பிரித்து எடுக்க முடியவில்லை. ட்ரம்மர் காதில் க்ளிக் ஒன்று, பழைய ட்ரம்ஸ் ஒன்று, தன் வாசிப்பு ஒன்று. எம்பி3-யாக மாற்றும்போது தொடக்கத்தில் ஒரு துளி வெற்று நேரம் வேறு சேர்ந்துவிடும். முதல் பார் (நான்கு பீட் கொண்ட ஒரு சுற்று) கோட்டில் உட்காராது. கடைசியாக டெம்போ, அதாவது நிமிடத்துக்கு எத்தனை பீட் என்ற வேக எண். காதால் கணித்து 140 என்று வைத்தார்கள். டெமோ உண்மையில் 139.5. அரை எண்தானே என்று தோன்றும். நான்கு நிமிடப் பாட்டில் 139.5-க்கு 558 பீட். அதே 558 பீட் 140-இல் 239.14 விநாடியில் முடிந்துவிடும். வித்தியாசம் 0.86 விநாடி, அதாவது இரண்டு பீட். முதல் வெர்ஸில் (சரணம்) ஒட்டிப் போன கைடு கடைசிக் கோரஸில் (பல்லவி) தாறுமாறாகப் போனதற்கு ட்ரம்மர் திட்டு வாங்கினார். அவர் க்ளிக்கைத்தான் சரியாகப் பிடித்திருந்தார்.

ஆள் தேடும் இடங்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் ட்ரம்மர் கிடைக்கும் இடங்கள் இரண்டு: மெல்லிசைக் குழு, சர்ச். பம்பை வாசிப்பவர்களின் லயம் இந்த மண்ணில் யாருக்கும் குறைந்ததல்ல. ஆனால் அவர்களை ட்ரம்ஸ் ஸ்டூலில் உட்கார வைப்பது இரண்டு வாத்தியத்துக்கும் மரியாதை இல்லை. பாட்டில் பம்பை வேண்டுமென்றால் பம்பையாகவே தனி நாளில் பதிவு செய்யலாம்.

மெல்லிசைக் குழுக்களில் ரிதம் வாசிப்பவர்களின் கை அபாரம். ஒரே இரவில் முப்பது பாட்டு, ஒவ்வொன்றும் வேறு தாளம், ஒத்திகை கிடையாது. சிக்கல் காலில். பேடில் கிக் சத்தமும் பெரும்பாலும் கைக்குத்தான் ஒதுக்கப்பட்டிருக்கும். பத்து வருடம் அப்படி வாசித்தவர் 22 அங்குலக் கிக்கின் முன் உட்கார்ந்தால், கோரஸில் கை ஏறும்போது கால் பின்தங்கும். சத்தமும் சீராக விழாது. முதல் முயற்சியில் வந்தவரின் 11 டேக்கிலும் ஸ்னேர் நேராக இருந்தது. கிக் ஒவ்வொரு கோரஸிலும் இழுத்தது.

சர்ச்சில் வாசிப்பவர்கள் ஞாயிறுதோறும் கால் வைத்து வாசிப்பவர்கள். க்ளிக் பழக்கமும் இப்போது பலருக்கு உண்டு. அவர்கள் குறை வேறு: ஆராதனைக் கூடத்தில் பாடலை மூழ்கடிக்கக் கூடாது என்று அடக்கி வாசித்துப் பழகிய கை. ராக்குக்குத் தேவை எதிர்மாறு. ஸ்னேரைப் பலமாக அடிக்க வேண்டும், சிம்பலை அடக்க வேண்டும். சிம்பலை ஓங்கி, ஸ்னேரை மெல்ல அடித்தால் எல்லா மைக்கிலும் சிம்பல்தான் நிறையும். மிக்ஸிங்கில் அதைச் சுத்தமாகப் பிரிப்பது கடினம். ஆனால் இது இரண்டு மூன்று ஒத்திகையில் திருத்தக்கூடிய குறை. கால் அப்படித் திருந்தாது. அதனால்தான் இந்த வேலைக்குச் சர்ச் பக்கம் போகச் சொல்கிறோம். குழுவுக்கு ஆள் கிடைத்ததும் அங்கேதான், ஓசூரில்.

காலண்டரும் பார்க்க வேண்டும். தை, வைகாசி, ஆவணி என்றால் முகூர்த்தக் கச்சேரிகள். ஆடியில் கல்யாணம் இல்லை, ஆனால் மாரியம்மன் திருவிழாக் கச்சேரிகள் இருக்கும். மார்கழியில் மெல்லிசைக்காரர்கள் சும்மா இருப்பார்கள். சர்ச் ட்ரம்மருக்கோ டிசம்பர் தொடங்கிப் புத்தாண்டு ஆராதனை முடியும் வரை மூச்சுவிட நேரமிருக்காது. புரட்டாசி இரு தரப்புக்குமே ஓய்வான மாதம். சனி, ஞாயிறு கேட்டு நச்சரிக்காமல் வார நாளில் தேதி வாங்குவது நல்லது.

தேர்வு எப்படி? யூடியூப் வீடியோவைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அதில் எத்தனை வெட்டு ஒட்டு என்று யாருக்கும் தெரியாது. குழு அனுப்பிய செய்தி இது, அப்படியே பின்பற்றலாம்:

"பிரதர், டெமோ அனுப்பியிருக்கோம். முழுப் பாட்டு வேண்டாம். முதல் கோரஸ்ல இருந்து ரெண்டாவது வெர்ஸ் முடியற வரைக்கும் ஒரே டேக்ல வாசிச்சு போன்ல வீடியோ எடுத்து அனுப்புங்க. க்ளிக்கைச் சின்ன ஸ்பீக்கர்ல போடுங்க, வீடியோவுல கேட்கணும். தப்பு வந்தா வரட்டும், திருப்பி எடுக்க வேண்டாம்."

வந்த வீடியோவில் கவனிக்க வேண்டியது க்ளிக் காணாமல் போகிறதா என்பதை. ஸ்னேர் சரியாக அதன்மேல் விழுந்தால் க்ளிக் மறைந்துவிடும். கொஞ்சம் முன்னே பின்னே விழுந்தால் "டக்-டக்" என்று இரண்டாகக் கேட்கும். பிறகு ஃபில் (பாட்டின் பகுதிகளுக்கு நடுவே ட்ரம்மர் போடும் சிறு உருட்டல்) முடிந்து பாட்டுக்குள் திரும்பும் அந்த முதல் கிக். ஃபில்லில் அவசரப்படுபவர்கள் அங்கேதான் மாட்டுவார்கள். மூன்றாவதாக, நான்கு பார் க்ளிக், நான்கு பார் மௌனம் என்று ஒரு ட்ராக் செய்து அனுப்பி அதற்கும் வாசிக்கச் சொல்லலாம். 140 டெம்போவில் நான்கு பார் என்பது ஏறக்குறைய 6.9 விநாடி. அந்த இருட்டைக் கடந்து க்ளிக் திரும்பும்போது அதன்மேலேயே வந்து நிற்பவரைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

அறை

கிருஷ்ணகிரியிலும் தர்மபுரியிலும் உள்ள சிறு ஸ்டுடியோக்கள் குரலுக்காகக் கட்டப்பட்டவை. பக்திப் பாடல், விளம்பர அறிவிப்பு, கல்யாண வீடியோவுக்குக் குரல் என்று அந்த வேலையை நன்றாகவே செய்கின்றன. எட்டுக்கு ஆறடிக் கூண்டில் ட்ரம்ஸ் நுழையாது என்பது கண்ணுக்கே தெரியும். கண்ணுக்குத் தெரியாதது கூரை.

ஒரு கணக்கு. ஸ்னேர் தரையிலிருந்து 0.65 மீட்டர், ட்ரம்ஸுக்கு மேலே நிற்கும் ஓவர்ஹெட் மைக் 2 மீட்டர் உயரம், கூரை 2.6 மீட்டர். ஸ்னேரிலிருந்து மைக்குக்கு நேர்வழி 1.35 மீட்டர். கூரையில் பட்டுத் திரும்பும் வழி 2.55 மீட்டர். 1.2 மீட்டர் கூடுதல், அதாவது 3.5 மில்லி விநாடி தாமதம். அந்தத் தாமதத்தில் 143 ஹெர்ட்ஸில் நேர்ச் சத்தமும் திரும்பி வந்த சத்தமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு தேயும். அதன் பிறகு 429, 715 என்று மேலே போய்க்கொண்டே இருக்கும். ஸ்னேரின் உடம்பு இருக்கும் இடமே அங்கேதான். திரும்பி வரும் சத்தம் நேர்ச் சத்தத்தைவிட 5.5 டெசிபல்தான் குறைவு, நன்றாகவே கெடுக்கும். கூரை 4 மீட்டர் என்றால் அது 12 டெசிபல் குறைந்து, 11.7 மில்லி விநாடி தள்ளி வரும். அப்போது கெடுதலாக அல்ல, அறையின் வாசனையாகக் கேட்கும். தாழ்ந்த கூரைதான் கதி என்றால் ட்ரம்ஸுக்கு நேர் மேலே அடர்த்தியான ராக்வூல் பலகையைத் தொங்கவிட வேண்டும். முட்டை அட்டை ஒட்டுவது வேண்டாத வேலை. அது பெரிதாக எதையும் உறிஞ்சாது, தீப்பிடிக்கும்.

கல்யாண மண்டபத்தை வார நாளில் வாடகைக்கு எடுத்து அங்கேயே பதிவு செய்யலாமே என்ற யோசனையும் வந்தது. மலிவு, இடம் தாராளம், கூரை உயரம். ஆனால் கிரானைட் தரையும் சுண்ணாம்புச் சுவரும் சத்தத்தை விழுங்குவதில்லை. 30 மீட்டர் நீளம், 15 அகலம், 6 உயரம். சராசரி உறிஞ்சல் 0.05 என்று வைத்து சபைன் சூத்திரத்தில் போட்டால் எதிரொலி அடங்க ஏறக்குறைய 6 விநாடி. 140 டெம்போவில் அதற்குள் 14 பீட் கடந்துவிடும். ஒரே ஒரு மெதுவான பாட்டுக்கு, வேண்டுமென்றே, தூரத்தில் ஒரு மைக் வைத்து எடுக்கலாம். நான்கு பாட்டுக்கு ஆகாது.

சென்னை சுமார் 250 கிலோமீட்டர். அறைகள் சிறப்பானவை, ஆனால் இரவு தங்கல் சேரும். கிருஷ்ணகிரி நகருக்கு ரயில் நிலையமும் கிடையாது. சிம்பல் பையையும் கிட்டாரையும் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். ட்ரம்மர் ஓசூரில் இருப்பவர் என்று ஆனபின் பெங்களூரின் தெற்கு ஓரமே கணக்குக்கு ஒத்து வந்தது. நகரத்துக்குள் நுழையவே வேண்டியதில்லை. ட்ரம்மரை முதலில் முடிவு செய்துவிட்டு ஸ்டுடியோ தேடியதில் கிடைத்த லாபம் இது.

இந்த முறை போனில் கேட்ட கேள்விகளும் மாறின. ஒரே நேரத்தில் எத்தனை மைக் பதிவாகும்? எட்டு என்றால் எதை விடுவது என்று இப்போதே யோசிக்க வேண்டும். கூரை எத்தனை அடி? ஸ்கின் எப்போது மாற்றியது? எஞ்சினியருக்குத் தனிக் கட்டணமா? செட்டப் நேரம் வாடகையில் சேருமா? ஜிஎஸ்டி சேர்த்தா, தனியா? கரண்ட் போனால் யுபிஎஸ் எவ்வளவு நேரம் தாங்கும்? கடைசிக் கேள்விக்குத் தடுமாறாமல் பதில் சொல்லும் ஸ்டுடியோ மற்றவற்றிலும் ஒழுங்காக இருக்கும் என்பது நம் அனுபவக் கணிப்பு.

வீட்டில் முடித்த வேலை

நான்கு பாட்டுக்கும் டெம்போ முடிவு செய்து எழுதிக்கொண்டார்கள். இரண்டாவது பாட்டின் கோரஸ் வெர்ஸைவிட இரண்டு எண் வேகம். அதை மறைக்காமல் டெம்போ மேப்பாகவே (பாட்டின் எந்த இடத்தில் எந்த வேகம் என்ற பட்டியல்) போட்டார்கள். பின் கைடு கிட்டார், பேஸ், குரல் மூன்றையும் அந்த மேப்பின்மேல் புதிதாகப் பதிவு செய்தார்கள். ட்ரம்ஸ் இல்லை. முன்னால் இரண்டு பார் கவுண்ட். எல்லாம் தனித்தனி வேவ் ஃபைல் (சுருக்காத ஒலி ஃபைல்), ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து, பெயரிலேயே பாட்டும் டெம்போவும். மேப்பைத் தனி மிடி ஃபைலாக (ஒலி இல்லாமல் குறிப்பு மட்டும் உள்ள ஃபைல்).

கம்ப்யூட்டரில் போட்ட ட்ரம்ஸ் வரிசையில் மூன்று கை வேண்டிய இடங்கள் இருந்தன: ஹை-ஹேட் (ஜோடிச் சிம்பல்) ஓடிக்கொண்டிருக்க, க்ராஷும் (ஓங்கி அடிக்கும் சிம்பல்) டாமும் ஒரே பீட்டில். ஒத்திகையில் ட்ரம்மர் அவற்றைத் தன் வழியில் மாற்றினார். இரண்டே ஒத்திகை, தலா மூன்று மணி நேரம். இரண்டாவதைப் போனில் பதிவு செய்து எந்த ஃபில் நிரந்தரம் என்று பேசி முடித்துவிட்டார்கள்.

ஒன்பது மணி நேரம்

முந்தின நாள் மாலை மூன்று மணி நேரம் செட்டப்புக்கு மட்டும். புது ஸ்கின்: ஸ்னேருக்கு ஒற்றைப் படலப் பூச்சு ஸ்கின், டாம்களுக்கு இரட்டைப் படலம், கிக்குக்கு விளிம்பில் அடக்கி வைத்த வகை. புது ஸ்கின் இரவில் தளரும். அதனால்தான் முந்தின நாளே மாட்டியது. காலையில் எதிரெதிர்த் திருகாகச் சுற்றி வந்து, ஒவ்வொரு திருகுக்கும் ஓர் அங்குலம் உள்ளே தட்டி, எல்லா இடமும் ஒரே சுருதியா என்று பார்த்தால் போதும்.

மைக் பன்னிரண்டு. கிக்கின் உள்ளே ஏகேஜி டி112, வெளியே ஒன்று. ஸ்னேருக்கு மேலும் கீழும் ஷூர் எஸ்எம்57. கீழ் மைக்குக்குப் போலாரிட்டியை (ஒலி அலையின் மேல்-கீழ் திசை) திருப்பியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் சேரும்போது ஸ்னேர் தகர டப்பாவாகிவிடும். மூன்று டாமுக்கு மூன்று, ஹை-ஹேட்டுக்கு ஒன்று, ஓவர்ஹெட் இரண்டு, அறைக்கு இரண்டு. ஓவர்ஹெட்டை வைக்க ஒரு கயிறு போதும். ஒரு முனையை ஸ்னேரின் நடுவில் அழுத்திப் பிடித்து, இடது மைக் வரை இழுத்து முடிச்சு. அதே முடிச்சு வலது மைக்கிலும் வந்து நிற்க வேண்டும். 34 சென்டிமீட்டர் பிசகினால் ஒரு மில்லி விநாடி. ஸ்னேர் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாயும்.

அன்று மாலையே ஒரு தடுக்கலும் வந்தது. கைடைப் போட்டதும் பேஸ் வாசிப்பவர் முகம் சுளித்தார். ட்யூனரில் ஈ ஸ்ட்ரிங், எஃப்-க்கும் எஃப் ஷார்ப்புக்கும் நடுவே நின்றது. 140 டெம்போ 152-ஆக ஓடியது. விநாடிக்கு எத்தனை ஒலி மாதிரி என்ற கணக்கில், வீட்டில் பதிவு 44.1 கிலோஹெர்ட்ஸ், ஸ்டுடியோவில் 48. மாற்றாமல் உள்ளே இழுத்திருக்கிறார்கள். 8.8 சதவீதம் வேகம், ஒன்றரை அரைச்சுரம் உயர்வு. மாற்றி இறக்க ஐந்து நிமிடம். மறுநாள் மதியம் தெரிந்திருந்தால் அரை நாள்.

வாசிப்புக்கு ஆறு மணி நேரம். நடுத்தர வேகப் பாட்டு முதலில், உடம்பு சூடாக; அதிகம் அடிக்க வேண்டியது இரண்டாவது; ஸ்னேரைத் தாழ்வாக ட்யூன் செய்ய வேண்டிய மெதுவான பாட்டு கடைசி. ஒரு பாட்டுக்கு முழுதாக நான்கு டேக், அதற்கு மேல் கிடையாது. ஐந்தாவதில் கை தளர்வது கேட்கும், தளர்ந்ததை ட்ரம்மர் ஒப்புக்கொள்ள மாட்டார். முடிவில் பத்து நிமிடம் ஒவ்வொரு ட்ரம்மையும் தனியாக, மெல்ல, நடுத்தரமாக, பலமாக, ஐந்தைந்து அடி. மிக்ஸிங்கில் ஏதாவது ஓர் அடி செத்திருந்தால் அதே ட்ரம்மின் சத்தத்தை வைத்து மாற்றலாம்.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு ட்ராக் நிமிடத்துக்கு 8.64 எம்பி. பன்னிரண்டு ட்ராக், 17 நிமிடம், நான்கு டேக்: ஏறக்குறைய 7 ஜிபி. இரண்டு டிரைவில் ஏற்றி, வேறு லேப்டாப்பில் திறந்து பார்த்த பிறகுதான் மீதிப் பணம் கொடுத்தார்கள்.

ட்ரம்மரோடு ஒரு பக்கத் தாள். பாட்டுக்கு இவ்வளவு, இரண்டு ஒத்திகை அதில் அடக்கம், போக்குவரத்து தனி, பெயர் எப்படிப் போட வேண்டும், பதிவை வெளியிட எழுத்துச் சம்மதம். கூச்சப்பட்டு விடுகிறவர்கள்தான் அதிகம். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 38ஆம் பிரிவு நிகழ்த்துநருக்கு 50 ஆண்டு உரிமை தருகிறது. 2012 திருத்தத்தில் வந்த 38ஏ, வணிகப் பயன்பாட்டில் ராயல்டியையும் பேசுகிறது. செஷனுக்கு வந்து போன ட்ரம்மரும் அந்தச் சட்டத்தின் கண்ணில் நிகழ்த்துநர்தான்.

திருத்த முடியாமல் நின்றது ஒன்று. மெதுவான பாட்டின் முடிவில் க்ராஷ் அடங்கும் நேரத்தில், ட்ரம்மரின் ஹெட்போனிலிருந்து கசிந்த க்ளிக் ஓவர்ஹெட் மைக்கில் மெல்லிதாகக் கேட்கிறது. கடைசி அடிக்குப் பின் க்ளிக்கை நிறுத்தியிருக்க வேண்டும். எஞ்சினியரும் மறந்தார், குழுவும் மறந்தது. அந்தப் பாட்டு இப்போது இரண்டு விநாடி முன்னதாகவே தேய்ந்து முடிகிறது.